மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் வையுங்கள்

நாட்டுப்புறப் பாட்டு என்றால் எழுந்து ஆட வேண்டும் என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் டி.ஜே. ‘அடுத்து ஒரு ஃபோக்’ என்று சொன்னால் என்ன வரப்போகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் கிராமிய வாரம் வந்தால் மேடையில் வைக்கோல் போர், மாட்டுவண்டிச் சக்கரம், பாடுகிறவர் தலையில் முண்டாசு. பாட்டு முடிவதற்குள் நடுவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து ஆடியாக வேண்டும். ஆடவில்லையென்றால் பாடியவர் தோற்றார்.

இது பொய். நம் காதைக் கெடுத்த பொய். தாலாட்டு, ஒப்பாரி, ஒற்றை ஆள் வயலில் தனக்குத்தானே இழுக்கிற தெம்மாங்கு, களை பறிக்கும்போது பக்கத்து வரிசைக்காரிக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லும் நக்கல் என்று நம் பாட்டில் ஒரு பெரிய பங்கு, இரண்டு கை தூரத்தில் இருக்கிற ஒருவருக்காகப் பாடப்பட்டது. அந்தப் பங்கைத்தான் நாம் கழற்றி வீசியிருக்கிறோம். மிச்சம் இருக்கிற திருவிழாச் சத்தத்துக்கு ‘மண்ணின் குரல்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பேர் சொல்லியே பேசுவோம். மதுரையிலிருந்து திண்டுக்கல் சாலையில் போனால் சமயநல்லூருக்கு முன்னால் பரவை. காய்கறி மார்க்கெட்டுக்கு லாரி வந்து நிற்கிற ஊர். அந்த ஊரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிய வைத்தது ஒரு பெண்ணின் பெயர். முனியம்மா 1937-இல் பிறந்தவர். கோயில் திருவிழா மேடைகளில் பல்லாண்டு பாடியவர். 2003-இல் தரணி இயக்கிய ‘தூள்’ படத்தில் வந்தபோது அவருக்கு அறுபத்தைந்து வயது கடந்திருந்தது. அந்த ஒரு பாட்டில் விக்ரமுக்காக அவர் எடுத்த உச்சக்குரல் தியேட்டரை அதிர வைத்தது. அதன்பிறகு சினிமா அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த அதிர்வைத்தான். 2014-இல் ‘மான் கராத்தே’வுக்குப் பாட வைத்தபோதும் அதே. ஹீரோவுக்குக் கட்டியம் கூறும் கிழவி. 2020 மார்ச் 29-இல், ஊரடங்கு போட்ட முதல் வாரத்தில், அவர் இறந்தார். ஆயிரம் பேர் கூடி மேளம் கொட்டி வழியனுப்பியிருக்க வேண்டிய ஒருத்தியை நாடே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நாளில் அனுப்பி வைத்தோம்.

அந்தப் பாட்டு மோசமென்று நான் சொல்லவில்லை. இன்றைக்குப் போட்டாலும் எனக்குக் கை முடி எழுந்து நிற்கும். வித்யாசாகர் அந்தக் குரலின் முரட்டுத்தனத்தைச் சீவாமல் விட்டார், அதற்கு நன்றி. ஆனால் ஒரு பாடகியிடம் இருபது குரல் இருக்கும்போது ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு ‘உங்களைக் கண்டுபிடித்தோம்’ என்று சொல்வது என்ன நியாயம்? அவருக்கு முன்னாலேயே, 1985-இல், ‘ஆண்பாவம்’ படத்தில் கொல்லங்குடி கருப்பாயியை நாம் பார்த்தோம். அவரையும் சிரிக்க வைக்கும் பாட்டியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். சினிமாவில் கிராமத்துக் கிழவிக்கு இரண்டு வேலைதான்: கத்த வேண்டும், இல்லையென்றால் சிரிக்க வைக்க வேண்டும். மெதுவாகப் பாட அவளுக்கு அனுமதி கிடையாது.

இப்போது கடல் தாண்டி ஒரு கதை. எலிசபெத் காட்டன், அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். இடதுகைக்காரி. வலதுகைக்காரர்களுக்கான கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, யாரும் சொல்லிக் கொடுக்காமல், தானாக ஒரு வாசிப்பு முறையை உண்டாக்கிக்கொண்டவர். பிறகு பல பத்தாண்டுகள் கிட்டாரையே தொடவில்லை, வீட்டு வேலை செய்து பிழைத்தார். வேலை பார்த்த வீடு சீகர் குடும்பத்தினுடையது, இசை ஆராய்ச்சிக் குடும்பம். அந்த வீட்டுச் சுவரில் தொங்கிய கிட்டாரை எடுத்து அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் அவர்களுக்கே விஷயம் தெரிந்தது. அந்த வீட்டுப் பையன் மைக் சீகர் டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு காட்டனின் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தார். 1958-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை ஆல்பமாக வெளியிட்டது. காட்டனுக்கும் அப்போது வயது அறுபதுக்கு மேல்.

இரண்டு பெண்கள். இருவரையும் உலகம் ஏறக்குறைய ஒரே வயதில் கண்டது. ஒருத்தியின் வீட்டுக்கு மைக் போனது. இன்னொருத்தி மைக் இருந்த இடத்துக்கு வரவழைக்கப்பட்டாள். காட்டனின் பதிவில் விரல் கம்பியில் உரசுவது கேட்கும், அறை கேட்கும், குரல் தயங்குவது கேட்கும். அவர் 1987-இல் இறந்த பிறகும் நம்மோடு அறையில் உட்கார்ந்திருக்கிறார். முனியம்மாவின் பெயரைத் தேடினால் உங்களுக்கு முதலில் வருவது எது? கேட்டுப் பாருங்கள். உங்களைப் பார்த்து யாரும் பாடவில்லை. ஒரு கதாநாயகனைப் பார்த்துப் பாடுகிறார்கள்.

‘கிராமத்துப் பாட்டுன்னாலே ஊர் கூடிப் பாடறதுதானே தம்பி, அதைப் போய் ஹெட்ஃபோனில் கேட்பதா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குத் தாலாட்டைக் காட்டுகிறேன். நான் பொறியியல் படித்தவன், தூளியைப் பார்த்தால் ஊசல் நினைவுக்கு வருவது வியாதி. இரண்டு மீட்டர் நீளத்தில் சேலைத் தூளி தொங்கினால், அது ஒரு முறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2.8 நொடி ஆகும். அதுதான் தாலாட்டின் தாளம். உத்தரத்தின் உயரம் முடிவு செய்கிற தாளம். பிள்ளை கண்ணசர, கை மெதுவாகத் தள்ளும், வீச்சு குறையும். ஆனால் ஊசலின் நேரம் அநேகமாக மாறாது. ஆகவே பாட்டின் வேகம் அப்படியே இருக்க, சத்தம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் வார்த்தை போய், வெறும் ‘ஓ’ மட்டும் மிஞ்சும். அந்த இறக்கம்தான் தாலாட்டு. அதைப் பத்தாயிரம் வாட்ஸ் ஸ்பீக்கரில் எப்படிப் பாடுவீர்கள்?

ஒப்பாரி இன்னும் அந்தரங்கமானது. அதற்குத் தாளமே கிடையாது, மூச்சுதான் அளவு. மூச்சு தீரும் இடத்தில் வரி முடியும், விம்மல் அங்கேதான் விழும். தமிழ்நாட்டு ஒப்பாரியைப் பற்றி இசபெல் கிளார்க்-டெசஸ் 2005-இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்பதுதான். இழவு வீட்டில் உட்கார்ந்து பாடுகிற பெண் தன் பொறந்த வீட்டுக் குறையைப் பாடுகிறாள், கூடப் பிறந்தவன் கைவிட்டதைப் பாடுகிறாள். மற்ற நாளில் வாயைத் திறந்து சொல்ல முடியாததைச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே சபை சாவு வீடு. ஒரு மனுஷி தன் வாழ்க்கையைத் தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடுகிறாள். இதையே அமெரிக்காவில் ஒருவர் கிட்டாரோடு செய்தால் ‘சிங்கர் சாங்ரைட்டர்’ என்போம். இவளை ‘ஒப்பாரிக் கிழவி’ என்போம்.

ரசனை தெரியாமல் இது நடக்கிறது என்று நான் நம்பவில்லை. என் தலைமுறை, அதாவது ஐ.டி. கம்பெனிகளில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிற தலைமுறை, அந்தரங்கமான இசைக்கு உருகுகிற தலைமுறை. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வீட்டில் உட்கார்ந்து நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்த ‘நெப்ராஸ்கா’வைப் பற்றி நள்ளிரவில் விவாதிக்கிறோம். மாதிரிக்காகப் பதிந்த அந்தப் பாட்டுகளைப் பின்னால் முழு இசைக்குழுவோடு முயன்றும் உயிர் வராமல், அந்தக் கேசட்டையே வெளியிட்டார்கள் என்பதைச் சிலாகிக்கிறோம். போன் ஐவர் விஸ்கான்சின் காட்டுக்குள் அப்பாவின் மரக்குடிலில் ஒரு குளிர்காலம் இருந்து பாடியதைக் கேட்டுக் கண் கலங்குகிறோம். பேஞ்சோவும் ஃபிடிலும் வைத்து இருபது வயதுப் பிள்ளைகள் அமெரிக்கானா ஆல்பம் போட்டால், குரல் எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது என்று பாராட்டி எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் அதே விரல் பரவைக்கோ உசிலம்பட்டிக்கோ திரும்பும்போது ‘செம குத்து’ என்று தட்டச்சு செய்கிறதே, அது ஏன்? விஸ்கான்சின்காரனுக்கு உள்மனம் உண்டு, நம் ஊர்க்காரிக்கு இடுப்பு மட்டும்தான் உண்டு என்று நினைக்கிறோமா?

தொழில்நுட்பமும் இந்தப் பொய்க்குத் துணை போகிறது. ஸ்டுடியோவில் முதலில் கிளிக் ட்ராக்கைப் போடுகிறார்கள். மூச்சால் அளக்கிற பாட்டு இயந்திரத்தின் டிக் டிக்குக்கு மண்டியிட வேண்டும். அடுத்து சுருதித் திருத்தம். பன்னிரண்டு சம இடைவெளிகளுக்கு நடுவில் வழுக்குகிற குரலை இழுத்துக் கட்டத்துக்குள் நிறுத்துகிறார்கள். கடைசியாக கம்ப்ரெஸர். மெல்லியதை ஏற்றி, உரத்ததை இறக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டமாக்கும். தாலாட்டின் அந்த இறக்கம் அங்கே செத்துவிடுகிறது. ‘சத்தம் இல்லேன்னா ஆன்லைனில் எடுபடாது’ என்பார்கள். அதுவும் பழைய கதை. ஸ்பாடிஃபை போன்ற தளங்கள் இன்று ஒவ்வொரு பாட்டையும் அளந்து, ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்க விடுகின்றன. நீங்கள் கஷ்டப்பட்டு ஏற்றிய சத்தத்தைத் தளம் இறக்கிவிடும். கசக்கிப் பிழிந்த தட்டைக் குரல் மட்டும் மிஞ்சும்.

‘இதெல்லாம் ஏற்கெனவே தொகுத்தாச்சே’ என்றும் சொல்வார்கள். தொகுத்தார்கள், வணங்குகிறேன். சார்லஸ் கோவர் 1871-இலேயே தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் புத்தகமாக்கினார். கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ 1958-இல் வந்தது. நா.வானமாமலை பெரும் தொகுதி தந்தார். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தார்கள், 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் நூலகத்தில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அச்சில் வார்த்தைதான். ‘பாடியவர்: ஒரு மூதாட்டி’ என்ற மாதிரி ஒரு குறிப்பு. குரல் இல்லாத ஒப்பாரி வரி என்பது, தண்ணீர் இல்லாத கண்மாயின் வரைபடம். ஏற்றம் போய் பம்ப்செட் வந்தபோது ஏற்றப்பாட்டு போனது. நடவு இயந்திரம் வர வர நடவுப் பாட்டு போகிறது. தூளி போய் பிளாஸ்டிக் தொட்டில் வந்தாயிற்று. பாடத் தெரிந்தவர்கள் எழுபது, எண்பதில் இருக்கிறார்கள்.

சரி, போய்ப் பதிவு செய்வோம் என்று மைக்கைத் தூக்குகிறவர்களிடமும் ஒரு சண்டை இருக்கிறது. அந்தரங்கம் என்பதும் ஒரு சரக்காகிவிடக் கூடாது. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்கிற வழக்கம் நம்மூரில் உண்டு. ‘கன்டென்ட்’ வேண்டும் என்று ஒரு கிழவியை வீட்டு நடையில் உட்கார வைத்து அழச் சொல்வது அராஜகம். எதைப் பாடலாம், எதைப் பாடக் கூடாது, எங்கே உட்கார்ந்து பாடுவது என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும்.

பிறகு பெயரும் பணமும். காட்டன் சிறுமியாக இருந்தபோது கட்டிய ‘ஃப்ரெய்ட் ட்ரெயின்’ பாட்டை 1957-இல் இங்கிலாந்தில் வேறு ஆட்கள் தங்கள் பெயரில் ஹிட்டாக்கினார்கள். அவர் பெயர் அதில் ஏற, போராட வேண்டியிருந்தது. நம் ஊரில் 2021-இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பட்ட பாடு அந்தப் பாட்டின் வேர், ஒப்பாரியின் இழை அதில் ஓடுகிறது. கோடிக்கணக்கானவர்கள் அதற்கு ஆடினோம். அழுகையைக்கூட ஆட்டமாக மட்டுமே வாங்கிக்கொள்ளும் திறமை நமக்கு. அப்புறம் அது யாருடைய பாட்டு என்கிற சச்சரவு வந்தபோது, ஆடியவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். இதில் சாதி இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பறை அடித்தவரும் மாரடித்தவரும் யார் என்று இந்த ஊருக்குத் தெரியும். அவர்களை ‘மரபு’ என்று பொதுவில் கரைத்துவிட்டால் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

அதனால் கோரிக்கை எளிது. உங்களில் இசைக்குழு வைத்திருக்கிற பிள்ளைகள் யாராவது, ஆட முடியாத ஒரு நாட்டுப்புற ஆல்பம் போடுங்கள். பத்துப் பாட்டு போதும். கிட்டார் வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள், ஹார்மோனியமே வெளியிலிருந்து வந்ததுதான், நாம் அதைக் கோயில் மேடையில் ஏற்றவில்லையா? ஆனால் கிட்டார் பாட்டியின் மூச்சுக்குக் காத்திருக்கட்டும், பாட்டி கிட்டாருக்குக் காத்திருக்க வேண்டாம். கிளிக் ட்ராக்கை அணையுங்கள். காற்றாடியையும் அணையுங்கள், இல்லையென்றால் அதன் இரைச்சலே கேட்கும். கோழி கத்தினால் இருக்கட்டும். முதல் பெயராக அவர் பெயரைப் போடுங்கள், ராயல்டிப் பங்கை முன்கூட்டியே தாளில் எழுதிக் கொடுங்கள், அன்றைய கூலியைக் கையில் வையுங்கள்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த ஆல்பம் வரும்போது ‘கொஞ்சம் டல்லா இருக்கு’ என்று சொல்லாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, சத்தத்தை ஏற்றாமல், நீங்கள் கொஞ்சம் முன்னால் குனிந்து கேளுங்கள்.