அடுக்களைப் பகுதி: அச்சின்றிச் சுடும் பழக் கலெத்

பிறந்தநாள், உறுதிபூசுதல், பங்குத் திருநாள் என எது வந்தாலும் நம் இல்லங்களில் கேக்கிற்கே முதலிடம். அதற்கு மாற்றாக, முட்டையும் அச்சுத் தட்டும் வேண்டாத பழப் பண்டம் ஒன்றை இம்மாதம் தாய்மார்களுக்கு அறிமுகம் செய்கிறோம். ஆங்கிலேயர் இவ்வகையைப் ‘பை’ என்பர். நாம் கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்லும் பை அன்று! பிரெஞ்சு மக்கள் ‘கலெத்’ என்பர். மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவே பழத்தைப் பரப்பி, ஓரங்களை உள்நோக்கி மடித்துச் சுட வேண்டியதுதான். ஓரம் கோணலானாலும் குற்றமில்லை.

பிரான்சில் தட்டையான வட்டப் பண்டங்கள் பலவற்றுக்கும் இப்பெயர் உண்டு. மூவரசர் திருநாளில் அங்கே பாதாம் விழுது வைத்த கலெத் ஒன்றைச் சுட்டு, அதனுள் ஓர் அவரை விதையையோ சிறு பீங்கான் பொம்மையையோ மறைத்து வைப்பர். வீட்டின் கடைக்குட்டி மேசைக்கடியில் அமர்ந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று கூறும். விதை கிடைத்தவரே அன்றைய அரசர். வீட்டாருக்குப் போக ஒரு துண்டு கூடுதலாக வெட்டி, வாயிலுக்கு வரும் ஏழைக்கென ஒதுக்குவது பழைய வழக்கம். நாம் செய்யப்போவது அதனினும் எளியது.

தேவையானவை: மைதா 200 கிராம், வெண்ணெய் 110 கிராம், சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, பனிக்கட்டி போட்ட நீர் 3 அல்லது 4 மேசைக்கரண்டி. உப்பிட்ட வெண்ணெயாயின் உப்பைத் தவிர்க்கவும்.

சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய கைகள் இங்கே சற்று அடங்கியிருக்க வேண்டும். நீர் பட்ட மாவைப் பிசையப் பிசைய, அதிலுள்ள புரதம் இழையோடி இறுகும். சப்பாத்திக்கு அது நன்மை, கலெத்துக்கோ கேடு. குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மாவுடன் விரல் நுனியால் உதிர்க்கவும். பட்டாணி அளவில் ஆங்காங்கே வெண்ணெய் தென்பட வேண்டும், முற்றிலும் கரைந்துவிடலாகாது. வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். அடுப்பின் வெப்பத்தில் அது ஆவியாகி மாவை ஏடு ஏடாகப் பிரிக்கிறது. நெய்யில் இந்நீர் இல்லை. ஆகவே நெய் இட்டால் பண்டம் மணல்போல் உதிருமேயன்றி ஏடு பிரியாது. வனஸ்பதி மலிவுதான், ஆயினும் வெண்ணெயின் மணம் அதற்கு ஏது?

நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, மாவு ஒன்றுசேர்ந்தவுடன் நிறுத்திவிடவும். தட்டையாக்கி மூடி, குளிர்பெட்டியில் ஒரு மணி நேரம் வைக்கவும். நம் நாட்டு வெயிலில் இவ்வேலைக்கு விடியற்காலையே உகந்தது.

பழம் அரைக் கிலோ போதும். ஆப்பிள், பேரிக்காய், கோடையில் மலையிலிருந்து வரும் பிளம்ஸ், கெட்டியான மாம்பழம் யாவும் ஏற்றவை. அன்னாசியாயின் மெல்லிய துண்டுகளாக்கிச் சர்க்கரை தூவி, அரைமணி கழித்துச் சாற்றை வடித்துவிடவும். வீட்டுப் பிள்ளைகள் குடித்துக்கொள்வர். மற்றப் பழங்களுடன் சர்க்கரை 60 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, சோளமாவு ஒரு மேசைக்கரண்டி கலக்கவும். வடித்த அன்னாசிக்குச் சோளமாவு மட்டும் போதும்.

மாவைச் சுமார் 30 செ.மீ. வட்டமாகத் தேய்த்து, வெண்ணெய்த் தாள் விரித்த தட்டில் இடவும். நடுவே இரண்டு கரண்டி ரஸ்க் தூள் தூவினால் பழச்சாற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் பழத்தைப் பரப்பி, சுற்றிலும் 5 செ.மீ. விட்டு, அவ்வோரத்தைக் கொசுவம் வைப்பதுபோல் மடிக்கவும். ஓரத்தில் பால் தடவி, மீண்டும் கால்மணி குளிரவைத்து, 200 டிகிரி செல்சியசில் முன்னரே சூடேறிய அவனில் 40 முதல் 45 நிமிடம் வைக்கவும். ஓரம் நன்கு சிவந்து, பழச்சாறு கொதித்துக் குமிழிட வேண்டும். வெளிறிய நிறத்தில் எடுத்துவிட்டால் அடிமாவு வேகாது. மணல் பரப்பிய பாத்திரத்தில் கேக் வேகும். இதற்கோ மேலிருந்தும் வெப்பம் வேண்டுமாதலால் அம்முறை ஒத்துவராது.

சுட்டவுடன் வெட்டினால் சாறு ஓடிவிடும், அரைமணி ஆறவிடவும். மறுநாளைக்கு எஞ்சினால் அவனில் பத்து நிமிடம் சூடாக்க, ஓரம் மீண்டும் மொறுமொறுப்பாகும்.