‘இது பழைய அகம் இல்லை’ என்னும் குறையைக் குறித்து

பெங்களூரைச் சேர்ந்த ‘அகம்’ என்னும் ராக் குழு, 2025-ஆம் ஆண்டில் ‘அரைவல் ஆஃப் தி எதீரியல்’ என்ற தன் மூன்றாம் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதன் பிறகு திருப்பதியிலும் சித்தூரிலும் மாணவர் விடுதிகளில் இசைபற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு குறை தவறாமல் காதில் விழுகிறது: “இது பழைய அகம் இல்லை.” இக்குறையைச் சொல்வோர் அதையே இறுதித் தீர்ப்பாகக் கருதுகின்றனர். இசையாய்வில் ஈடுபட்டோரோ, இளையோரின் பழக்கப் பாசம் என்று அதைப் புன்னகையோடு ஒதுக்கிவிடுகின்றனர். இவ்விரு நிலைகளும் எனக்கு உடன்பாடானவை அல்ல. ரசிகரின் மனக்குறை ஒரு சாட்சியம். சாட்சியம் தீர்ப்பாகாது, ஆனால் சாட்சியை விசாரிக்காமல் வழக்கைத் தள்ளுவதும் ஆய்வு நெறியாகாது.

இக்குழுவை அறியாதவர்க்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கர்நாடக இசையின் ராகங்களையும் கீர்த்தனைகளையும் மின்கிதார், டிரம்ஸ் ஆகியவற்றோடு இணைத்துப் பாடும் குழு இது. ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் இதன் முதன்மைப் பாடகர். சன் தொலைக்காட்சியின் இசைக்குழுப் போட்டியொன்றில் வென்ற பின் தென்னாடெங்கும் அறியப்பட்டது. 2012-இல் முதல் தொகுப்பும், 2017-இல் இரண்டாம் தொகுப்பும் வந்தன. முத்துசுவாமி தீட்சிதரின் ‘ரங்கபுர விஹார’, தியாகராஜரின் ‘மனவ்யாலகிஞ்சரா’ ஆகியவற்றை இவர்கள் வழியாகவே முதன்முதலில் கேட்ட மாணவர்கள் பலர். மூன்றாம் தொகுப்பில் மேலைச் சேர்ந்திசையின் பெருக்கம் முன்னுக்கு வந்துள்ளது. தியாகராஜரின் ‘மோக்ஷமு கலதா’ இத்தொகுப்பில் விரிந்த ஒலிப்பரப்பில் அமைந்திருக்கிறது. முன்பு கிதார் நின்ற இடத்தில் இப்போது வயலின் வரிசைகள் நிற்கின்றன என்பதே குறையின் சாரம்.

குறை சொல்வோரின் வாதத்தில் முதலில் வலுவிழப்பது ‘பழைய’ என்னும் சொல். எது பழையது? நாம் முதலில் கேட்ட ஒலியையே மூல ஒலி என்று கொள்வது மனித இயல்பு. இந்த இயல்பைச் சோதித்துப் பார்க்கத் திருப்பதியைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

தாள்ளபாக்க அன்னமாசாரியர் 15-ஆம் நூற்றாண்டினர். அவர் 32,000 சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது மரபு. 12,000-க்கும் மேற்பட்டவை நமக்குக் கிடைத்துள்ளன. திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் இருந்த செப்பேடுகளில் பாடலும் ராகப் பெயரும் உண்டு, சுரக்குறிப்பு இல்லை. அதாவது, சொல் வந்து சேர்ந்தது. மெட்டு வந்து சேரவில்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நெடுநூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் முதலியோர் 20-ஆம் நூற்றாண்டில் இப்பாடல்களுக்கு மெட்டமைத்தனர். செப்பேடு குறிப்பிடும் ராகம் ஒன்றாகவும், இன்று பாடப்படும் ராகம் வேறொன்றாகவும் இருப்பது பல பாடல்களில் காணக்கூடியதே. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1978-இல் அன்னமாசாரியர் திட்டத்தைத் தொடங்கியது. 1980-ஐ ஒட்டி எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘பாலாஜி பஞ்சரத்னமாலா’ இசைத்தட்டுகள் வெளிவந்தன. நெடுநூரி அமைத்த ரேவதி ராக மெட்டில் ‘நானாடி பதுகு’ பாடலைக் கேட்கும் ஒருவர், ஐந்நூறு ஆண்டுப் பழமையைக் கேட்பதாகவே உணர்கிறார். சொல்லைப் பொறுத்தவரை அது மெய்; ஒலியைப் பொறுத்தவரை அது நம் பெற்றோர் காலத்துப் புதுமை.

சுப்ரபாதத்தின் கதையும் இதுவே. பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் இயற்றிய 15-ஆம் நூற்றாண்டு வடமொழிப் பனுவல் அது. ஆனால், தென்னாட்டு வீடுகளில் விடியற்காலையின் ஒலி என்று நாம் எண்ணுவது 1963-இல் எம்.எஸ். பாடி வெளியான இசைத்தட்டின் ஒலியே. வேறொருவர் வேறு நடையில் பாடினால், ‘இது சுப்ரபாதமாகவே இல்லை’ என்று சொல்லும் வீடுகள் இங்கு உண்டு. தொன்மையின் ஒலியாக ஓர் ஒலிப்பதிவு நிலைபெறுவதற்கு ஒரு தலைமுறைக் காலம் போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 2012-இல் பள்ளிப் பருவத்தில் அகத்தின் முதல் தொகுப்பைக் கேட்டவர்க்கு அதுவே சுப்ரபாதமாகிவிட்டதில் வியப்பென்ன?

மறுதரப்பில், கீர்த்தனையை ராக் இசைக்குள் கொண்டுவந்ததே கேடு என்போருக்குச் சித்தூரிலிருந்து ஒரு நினைவூட்டல். சித்தூர் சுப்ரமணிய பிள்ளை இம்மண்ணின் பெயரையே தம் பெயரோடு சுமந்தவர். 1954-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். மதுரை சோமுவின் ஆசான். அவருடைய குருவான காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் கச்சேரி ‘ஃபுல் பெஞ்ச்’ என்று வழங்கப்பட்டது. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் எனத் தாளக்கலைஞர் வரிசையே மேடையில் அமரும். பாடகர் அவர்களோடு கணக்கில் மோதுவார். பின்னாளில் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி அமைப்பு பரவலாகி, அதுவே ‘மரபு’ என்னும் பெயரையும் பெற்றது. தாளத்தின் எடை மிகுந்தால் இசை நசுங்குமா என்னும் கேள்வி மின்கிதாரோடு பிறந்ததன்று. கர்நாடக இசை தனக்குள்ளேயே ஒரு நூற்றாண்டாக விவாதித்துவரும் கேள்வி அது.

ஆக, மூலத்தூய்மை என்ற அடிப்படையில் புதிய தொகுப்பை நிராகரிக்க ரசிகருக்கும் இடமில்லை. பழைய தொகுப்பை நிராகரிக்கப் பண்டிதருக்கும் இடமில்லை. என் துறை நண்பர்கள் பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கின்றனர். ‘எல்லாம் மாறும், ரசிகர்கள் புலம்புவார்கள், பிறகு பழகிவிடுவார்கள்’ என்பது அவர்கள் முடிவு. இம்முடிவு சோம்பலானது என்பேன்.

1965 ஜூலை 25 அன்று அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் பாப் டிலன் மின்கிதாரோடு மேடையேறியபோது கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. ‘பழமைவாதிகள் புதுமையை எதிர்த்தனர்’ என்று இந்நிகழ்வைப் பாடநூல் போலச் சொல்லிவிடுகிறோம். ஆனால், அன்று அங்கிருந்தோரின் நினைவுகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மின்னிசையே பிடிக்கவில்லை என்கிறவர் உண்டு. ஒலியமைப்பு மோசமாக இருந்ததால் சொற்கள் காதில் விழவில்லை என்கிறவர் உண்டு. குழுவோடு மூன்றே பாடல்களில் இறங்கிவிட்டார் என்பதால் கூச்சலிட்டோம் என்கிறவரும் உண்டு. ஒரே கூச்சலுக்குள் கொள்கை எதிர்ப்பும் தொழில்நுட்பக் குறையும் ஏமாற்றமும் கலந்திருந்தன. இவற்றைப் பிரித்தறியாமல் ‘ரசிகர் எதிர்வினை’ என்று ஒரே சிமிழில் அடைப்பது ஆய்வாகாது.

அகத்தின் ரசிகர் குறையையும் இவ்வாறு பிரித்துப் பார்க்கலாம். ‘கனம் போய்விட்டது’ என்பது அவர்கள் அடிக்கடி ஆளும் தொடர். ஒலியின் அளவைச் சொல்கிறார்கள் என்றால் அது பொருந்தாது. சேர்ந்திசை கிதாரைவிட மெலிந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால் எதன் கனம்?

ராக் கிதாரில் ‘டிஸ்டார்ஷன்’ சேர்த்து வாசிக்கும்போது முழுமையான முச்சுரக் கூட்டு கலங்கி ஒலிக்கும்; மேற்சுரங்கள் ஒன்றோடொன்று மோதும். ஆகவே, நடுச்சுரத்தை விட்டுவிட்டு, ஆதார சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டும் மீட்டுவது அக்கலைஞர்களின் வழக்கம். அதற்குப் ‘பவர் கார்ட்’ என்று பெயர். ஷட்ஜமத்தை ஆதாரமாகக் கொண்டு அதை மீட்டினால் கேட்பது சட்ஜ-பஞ்சமம். வேறு சொல்லில், தம்புராவின் சுருதி. முறுக்கேறிய, முரட்டுத் தம்புரா என்றாலும் தம்புராவே. காந்தாரத்தின் இடம் அங்கே காலியாக இருக்கிறது. பாடகர் காந்தாரத்தை அசைக்கலாம், இழுக்கலாம், மத்தியமத்தின் விளிம்புவரை கொண்டுபோய்த் திருப்பலாம். பின்னணி அவரை மறுக்காது.

சேர்ந்திசையின் இலக்கணம் வேறு. அதன் கூட்டுச்சுரம் காந்தாரத்தைச் சொல்லியே தீரும். அதுவே அக்கூட்டின் நிறத்தை முடிவுசெய்யும் சுரம். ‘மோக்ஷமு கலதா’ அமைந்த சாரமதி, நடபைரவியின் ஜன்யம். அதில் வருவது சாதாரண காந்தாரம். மேலை இசையின் ‘மைனர்’ கூட்டில் நடுச்சுரம் அதே இடத்தில் அசையாமல் நிற்கும். வயலின் வரிசை முழுவதும் ஒரு காந்தாரத்தை நேர்கோடாகப் பிடித்து நிற்கும்போது, பாடகரின் கமகம் அந்தக் கோட்டின்மேல் உராய்கிறது. அல்லது உராய்வைத் தவிர்க்கத் தானே அடங்கிவிடுகிறது. ரசிகர் ‘கனம்’ என்று சொல்வது ஓரளவேனும் இந்தக் காலியிடத்தைத்தான் என்பது என் துணிபு. அவரிடம் கலைச்சொல் இல்லை, காது இருக்கிறது. கலைச்சொல்லைத் தருவது நம் கடமை. அதைச் செய்யாமல் அவருடைய காதை நகையாடுவது முறையன்று.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தையும் எடைபோட வேண்டும். திருப்பதித் தெருக்களின் மொழி தெலுங்கு. சித்தூர் எல்லையில் ஒரே வீட்டில் இரு மொழியும் புழங்கும். இங்குள்ள கேட்போர்க்குத் தியாகராஜரின் சாகித்தியம் ஒலிக்கோவை மட்டுமன்று; பொருளுள்ள வாக்கியம். கிதாரும் டிரம்ஸும் முழு வேகத்தில் ஓடும் பாடல்களில் அந்த வாக்கியம் பல இடங்களில் அமுங்கிப்போயிற்று என்று தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட சக ஆய்வாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். புதிய தொகுப்பில் சேர்ந்திசை ஓங்கவும் தெரிந்திருக்கிறது, ஒடுங்கவும் தெரிந்திருக்கிறது. அது ஒடுங்கும் இடங்களில் சொல் தெளிந்து எழுகிறது. வீடுபேறு உண்டா என்று ஒரு பக்தர் எழுப்பும் கேள்விக்கு அந்தத் தெளிவு தேவை. எனவே, காந்தாரம் இழந்த இடத்தைச் சொல் பெற்றிருக்கிறது. தமிழ் மட்டும் அறிந்த ரசிகர் இழப்பை மிகுதியாக உணர்வதும், தெலுங்கு அறிந்தவர் பேற்றை மிகுதியாக உணர்வதும் இயல்பே. ‘ரசிகர்கள்’ என்ற பன்மைக்குள் இத்தனை காதுகள் இருக்கின்றன. சொல் புரிய வேண்டும் என்பதற்காகவே தமிழிசை இயக்கம் கண்ட நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று.

என்னுடைய சொந்த மதிப்பீட்டையும் மறைக்க விரும்பவில்லை. புதிய தொகுப்பு முந்தையவற்றைவிட அகன்றது. ஆனால், கமகத்துக்கு அது விட்டுவைத்த இடம் குறைவு. சேர்ந்திசையைக் கைவிடுவது இதற்குத் தீர்வாகாது. நடுச்சுரத்தைச் சொல்லாமல் நிற்கும் கூட்டுகளைச் சேர்ந்திசைக்கும் எழுத முடியும். தம்புராவை அறிந்த குழுவுக்கு அது எட்டாத செயலன்று. ‘பழையபடி வாசியுங்கள்’ என்னும் கோரிக்கையைவிட, ‘காந்தாரத்தைத் திறந்து விடுங்கள்’ என்னும் கோரிக்கை கலைஞருக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

இதில் நமக்கு என்ன அக்கறை என்று கேட்போர் உண்டு. அன்னமாசாரியர் பாடல்களுக்கு மெட்டமைத்தவர்களின் பெயர்களை மதிப்போடு பதிந்து வைத்திருக்கிறோம். அம்மெட்டுகளை முதன்முறை கேட்ட திருப்பதிவாசி என்ன சொன்னார், எந்தப் பாடலில் மகிழ்ந்தார், எதில் முகம் சுளித்தார் என்பதற்கு அதே மதிப்பைத் தந்தோமா? விழா மலர்களில் கலைஞரின் படம் இருக்கும். கேட்டவரின் குரல் அரிது. பெரும் இசைமாற்றம் ஒன்று நம் ஊரிலேயே நடந்தும், அதன் கேள்வி வரலாறு மெலிந்தே இருக்கிறது. அன்று தவறவிட்டதை இன்றும் தவறவிடுவதற்குக் காரணம் ஏதுமில்லை. இன்றைய ரசிகர் வாய் திறந்து பேசுகிறார்.

ஆகவே, இசை, மொழி, சமூகவியல் துறைகளில் முதுகலையும் முனைவர் பட்டமும் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பிடிக்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால் அவரோடு அமர்ந்து அந்தப் பாடலை மீண்டும் ஒலிக்கவிடுங்கள். எந்த நொடியில் பிடிக்காமல் போனது என்று கேளுங்கள். அந்த நொடியில் என்ன சுரம், என்ன சொல், எந்த வாத்தியம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் எந்த மொழியில் வளர்ந்தவர், முதலில் கேட்ட பாடல் எது என்பதையும் எழுதுங்கள். பத்துப் பேரிடம் இவ்வாறு கேட்டால், ‘பழைய அகம்’ என்பது பத்து வேறு பொருள்களாக விரிவதைக் காண்பீர்கள். அவற்றுள் சில வெறும் பழக்கமாக இருக்கும். சில, கலைஞரே கவனிக்காத இழப்பைச் சுட்டுவதாக இருக்கும். எது எது என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் நாம் பயிற்சி பெற்றிருக்கிறோம்.