பாட்டியின் பாஷை

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் பிரான்ஸ் தேசத்துப் பட்டணங்கள் காலியாகத் தொடங்கும். ஆகஸ்டில் பாரிஸ் நகரத்து ரொட்டிக் கடைக்காரர்கூட, இன்ன தேதியில் திரும்பி வருவோம் என்று கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார். போகும் இடம் பெரும்பாலும் கடற்கரைதான்.

இது தனவந்தர்களுக்கு மட்டும் உரிய சுகம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1936-ம் வருஷம், லேயோன் ப்ளூம் பிரதம மந்திரியாக இருந்தபோது, உழைத்துப் பிழைப்போர் ஒவ்வொருவருக்கும் வருஷத்துக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். விடுமுறைக்குச் செல்லும் தொழிலாளருக்கு ரயில் கட்டணத்திலும் நூற்றுக்கு 40 தள்ளிக் கொடுத்தார்கள். அந்தக் கோடையில் எத்தனையோ தொழிலாளர் குடும்பங்கள் ஆயுளில் முதன் முறையாகச் சமுத்திரத்தைக் கண்டன. அந்த இரண்டு வாரம் 1956-ல் மூன்றாகி, 1969-ல் நான்காகி, 1982-ல் ஐந்தாயிற்று.

இந்த விடுமுறையினால் விளைந்த நன்மைகளில் ஒன்று, சிதறிக் கிடக்கும் குடும்பங்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது பாட்டி வீட்டில் ஒன்று கூடுவது. அப்படிப்பட்ட ஒரு வீட்டில் சென்ற வருஷம் மூன்று வாரம் தங்கியிருக்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது. நம்முடைய பிரெஞ்சு நண்பர் ஒருவர், நம்மைப்போல உபாத்தியாயத் தொழிலில் இருப்பவர், புதுச்சேரியில் சில வருஷம் வாசம் செய்தபோது நமக்குப் பழக்கமானார். "எங்கள் ஊர்க் கடலையும் வந்து பாருங்கள்" என்று அவர் வெகு நாளாக வற்புறுத்தி வந்தார். சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் திரட்டிக்கொண்டு ஜூலை மாதத்தில் புறப்பட்டோம்.

அவருடைய ஊரின் பெயர் துவார்னெனே. பிரான்ஸின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி பிரதேசத்தில் அது இருக்கிறது. பாரிஸிலிருந்து ரயிலில் கெம்பேர் என்னும் நகரம் வரை போய், அங்கிருந்து மோட்டாரில் அரைமணி நேரம் செல்ல வேண்டும். வழியில் உள்ள பலகைகளில் ஊர்ப் பெயர்களை இரண்டு விதமாக எழுதியிருந்தார்கள். ஒன்று பிரெஞ்சு, மற்றொன்று அந்தப் பிரதேசத்துக்கே உரிய பிரெட்டன் பாஷை. கெம்பேர் என்றால் இரண்டு ஆறுகள் சேரும் இடம் என்று நண்பர் விளக்கினார். நம் முன்னோர் 'கூடல்' என்று பெயர் வைத்தார்களே, அதேதான்! துவார்னெனே என்றால் தீவின் நிலம். ஊருக்கு எதிரே ஒரு சின்னத் தீவு உண்டு. கடல் வற்றியிருக்கும் வேளையில் அதற்கு நடந்தே போகலாம். அந்த ஜில்லாவுக்குப் பிரெஞ்சில் 'பூமியின் முடிவு' என்று பொருள்படும் பெயர். பிரெட்டன் பெயரில் வரும் 'பென்' என்ற சொல்லுக்கோ முனை என்றும் தலை என்றும் அர்த்தம். பாரிஸில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பூமியின் முடிவு. அங்கே பிறந்தவருக்கு அது உலகத்தின் தலை.

கடலைப் பார்த்தபடி நிற்கும் கருங்கல் வீட்டில், நாம் உட்படப் பதினொரு பேர் இருந்தோம். வீட்டுக்குத் தலைவி நண்பரின் தாயார். எண்பத்து மூன்று வயது. பேரன் பேத்திகள் அவரை 'மம் கோஸ்' என்று அழைத்தார்கள். 'மம்' என்றால் பிரெட்டன் பாஷையில் அம்மா. 'மம் கோஸ்' என்றால் வயதான அம்மா, அதாவது பாட்டி. சென்று சேர்ந்த முதல் நாள் மாலையில் பாட்டியம்மாள் வட்டமான இரும்புக் கல்லை அடுப்பில் ஏற்றி, 'கறுப்புக் கோதுமை' என்று அங்கே சொல்லும் தானியத்தின் மாவைக் கரைத்து, கரண்டியால் ஊற்றி, ஒரு சிறு மரப் பலகையால் வட்டமாக இழுத்தார். அசல் தோசைதான்! தோசைக்கு எண்ணெய், அதற்கு உப்பு வெண்ணெய். உப்பிட்ட வெண்ணெய் பிரிட்டனிக்காரர்களின் பெருமை. 1789-ல் புரட்சி வருவதற்கு முன் பிரான்ஸில் அரசர்கள் விதித்திருந்த கொடிய உப்பு வரி பிரிட்டனிக்குக் கிடையாது. ஆகையால் அங்கே ஏழை வீட்டு வெண்ணெயிலும் தாராளமாக உப்பு இருந்தது. வேதாரண்யத்து உப்பை அறிந்தவர்கள் அல்லவா நாம்? அந்த வெண்ணெய் நமக்கு மிகவும் ருசித்தது.

அந்த ஊரில் ஜூலை மாதத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. சாப்பாடு முடிந்து அனைவரும் கடற்கரைக்கு நடப்போம். தண்ணீரில் கால் வைத்தால் எலும்பு வரை குளிர் ஏறும். குழந்தைகள் அதைப் பொருட்படுத்தாமல் குதிப்பார்கள். அப்படி ஒரு மாலையில் நண்பரின் ஒன்பது வயதுப் புதல்வி, கடல் நீலமா பச்சையா என்று தன் சிற்றப்பன் மகனோடு வாதாடிக்கொண்டிருந்தாள். கடைசியில் பாட்டியிடம் ஓடினாள். பாட்டியம்மாள் ஒரே சொல்லில் வழக்கைத் தீர்த்தார்: "கிளாஸ்!" பிரெட்டன் பாஷையில் அந்தச் சொல் நீலத்தையும் குறிக்கும், புல்லின் பச்சையையும் குறிக்கும். குழந்தை கைகொட்டிச் சிரித்துவிட்டுப் பாட்டியுடன் அதே பாஷையில் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

நண்பர் நம் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா? என் தாயாரும் என் மகளும் என் எதிரிலேயே ரகசியம் பேசுகிறார்கள். எனக்குத்தான் பாதி புரிவதில்லை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் தாயின் பாஷை மகனுக்குப் புரியவில்லை என்பது சிரிக்கத்தக்க விஷயமாக நமக்குத் தோன்றவில்லை. மறுநாள் பாட்டியம்மாளிடமே காரணம் கேட்டோம், நண்பர் மொழிபெயர்த்தார்.

"ஐயா, நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது எனக்குப் பிரெஞ்சில் ஒரு வார்த்தையும் தெரியாது. விளையாடும்போது பிரெட்டன் பேசிவிட்டால் கழுத்தில் ஒரு பழைய மரச் செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வேறொரு குழந்தை அதே குற்றம் செய்வதைக் காதால் கேட்டுக் காட்டிக்கொடுத்தால், செருப்பு அதன் கழுத்துக்குப் போகும். சாயங்காலம் மணியடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அதற்குத் தண்டனை. என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று தீர்மானித்தேன். அவன் தொட்டிலில் இருந்த நாள் முதல் பிரெஞ்சிலேயே பேசினேன்."

இதில் கட்டுக்கதை எதுவும் இல்லை. பிரிட்டனியில் பல பள்ளிக்கூடங்களில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த வழக்கம் இருந்தது. மரச் செருப்போ, வேறு ஏதேனும் ஒரு பொருளோ. அதற்கு 'அடையாளம்' என்று பெயர். நாமும் ஓர் உபாத்தியாயர். குழந்தையைக் கொண்டே குழந்தையை வேவு பார்க்கச் செய்யும் இந்த ஏற்பாட்டைக் கேட்டபோது நம் தொழிலை நினைத்துத் தலை குனிந்தோம்.

இதற்கு விதை வெகு காலத்துக்கு முன்பே விழுந்தது. புரட்சிச் சபையில் 1794-ல் கிரேகுவார் பாதிரியார், தேசத்திலுள்ள பிராந்திய பாஷைகளை ஒழித்துப் பிரெஞ்சை எங்கும் பரப்ப வேண்டிய அவசியத்தைப் பற்றி ஓர் அறிக்கை படித்தார். அடிமைகளின் விடுதலைக்காகப் பாடுபட்ட உத்தமர் அவர். ஆனால் ஒரே பாஷை இருந்தால்தான் ஒரே தேசம் என்று நம்பினார். 1881, 1882 சட்டங்களால் கல்வி இலவசமும் கட்டாயமும் ஆயிற்று. கல்வி வந்தது பெரும் புண்ணியம். அது பிரெஞ்சில் மட்டுமே வந்தது.

பிரெட்டனோ பிரெஞ்சின் கொச்சை அன்று. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்து கடல் கடந்து வந்து குடியேறியவர்களின் பாஷை; வேல்ஸ் நாட்டுப் பாஷைக்குச் சகோதரி. பள்ளிக்கூடத்தில் வெட்கப்பட வேண்டியதாக இருந்த அதே பாஷை, துவார்னெனே ஊர்ப் பெண்களுக்கு ஒரு காலத்தில் ஆயுதமாகவும் இருந்தது. அந்த ஊரில் மத்தி மீனைத் தகரப் பெட்டிகளில் அடைக்கும் தொழிற்சாலைகள் பல இருந்தன. வேலை செய்தவர்கள் பெண்கள்; கூலி மணிக்கு 80 சாந்தீம், அதாவது முக்கால் பிராங்குக்குச் சற்று மேல். 1924 நவம்பரில் அவர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஐந்து 'ரெயால்', அதாவது ஒன்றேகால் பிராங்கு வேண்டும் என்று பிரெட்டன் பாஷையிலேயே முழங்கிக்கொண்டு தெருத்தெருவாக ஊர்வலம் போனார்கள். 1925 ஜனவரியில் முதலாளிகள் இறங்கி வந்து ஒரு பிராங்கு கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். அவ்வருஷமே, தொழிற்சாலையில் வேலை செய்த ஜோசபின் பெங்காலே என்னும் மாதை ஊரார் நகரசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பிரான்ஸில் பெண்களுக்கு 1944 வரை வாக்குரிமையே கிடையாது. ஆகவே அந்தத் தேர்தலை ரத்து செய்துவிட்டார்கள்!

இத்தனை உயிருடன் இருந்த பாஷைக்கு இன்று என்ன கதி? 1950-ஐ ஒட்டிச் சுமார் பத்து லட்சம் பேர் அதைப் பேசினார்கள். 2018-ல் எடுத்த கணக்கில் ஏறக்குறைய இரண்டு லட்சம். 2024-ல் எடுத்த கணக்கில் ஒரு லட்சத்துச் சொச்சம். பேசுவோரில் பெரும் பகுதியினர் நம் பாட்டியம்மாளைப் போன்ற முதியவர்கள். யுத்தத்துக்குப் பிந்திய இருபது முப்பது வருஷத்தில், லட்சக்கணக்கான தாய்மார்கள் அவரைப் போலவே தீர்மானம் செய்தார்கள். யாரும் அவர்கள் வீட்டுக்குள் வந்து உத்தரவு போடவில்லை. குழந்தை முன்னுக்கு வரவேண்டும் என்ற ஆசை ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. 1977-ல் சில பெற்றோர்கள் கூடி, பிரெட்டன் பாஷையிலேயே பாடம் சொல்லும் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார்கள். அதற்கு 'திவான்' என்று பெயர். முளை என்று அர்த்தம். இன்று அந்தப் பள்ளிகளில் ஏறக்குறைய 4,000 பிள்ளைகள் படிக்கிறார்கள். நண்பரின் மகளும் அவர்களில் ஒருத்தி. அவள் டெலிபோனுக்கு 'பெல்கோம்ஸ்' என்றாள். 'பெல்' என்றால் தூரம். 'கோம்ஸ்' என்றால் பேச்சு. நம்முடைய 'தொலைபேசி'யேதான்! பாட்டிக்கோ அந்தச் சொல் தெரியாது. அவருக்கு டெலிபோன் டெலிபோன்தான். "இவள் பேசுவது புத்தகத்துப் பிரெட்டன்" என்று பரிகசித்தார். ஆனால் இரவில் தூங்கப் போகும்போது இருவரும் சொற்களைப் பண்டமாற்று செய்துகொள்வதைப் பார்த்தோம். மீன் வலைக்கும், காற்றின் திசைக்கும், அலையின் வகைக்கும் பாட்டி சொல் கொடுப்பார். புதிய வஸ்துக்களுக்குப் பேத்தி சொல் கொடுப்பாள். நண்பர் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவற்றை எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயதில் தம் தாயின் பாஷைக்கு அரிச்சுவடி படிக்கும் மனிதரை அன்றுதான் கண்டோம்.

நேயர்கள் கேட்கலாம்: தமிழுக்கு இதில் என்ன கவலை? 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 6 கோடியே 90 லட்சம் பேருக்குத் தமிழ் தாய்பாஷை. உண்மைதான், தமிழ் நாட்டில் தமிழ் மறையப் போவதில்லை. ஆனால் ஒரு தேசத்தில் ஒரு பாஷை மறைவது வேறு; ஒரு வீட்டில் மறைவது வேறு. வீட்டில் மறைவதற்கு ஒரு தாயின் தீர்மானம் போதும். நம் ஊர்ச் சில பள்ளிகளில் தமிழில் பேசினால் அபராதம் விதிக்கிறார்கள். அதைப் பெற்றோர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆங்கிலம் நன்றாகக் கற்க வேண்டியதுதான். நாமே அதைக் கற்பித்து வயிறு வளர்ப்பவர்கள். ஒன்றைக் கற்பதற்கு மற்றொன்றை மறக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லியிருக்கவில்லை; அந்த ஒன்பது வயதுச் சிறுமி இரண்டு பாஷையிலும் சண்டை போடுகிறாள்.

நமக்கும் கோடை விடுமுறை உண்டு. அதில் பாதியைத் தனி வகுப்புகளுக்குக் கொடுத்தாலும், மற்றப் பாதியையாவது பாட்டி வீட்டுக்குக் கொடுக்கலாம். அங்கே குழந்தைகள் கற்றுக்கொள்வதைப் பரீட்சையில் கேட்கமாட்டார்கள். ஆனால் ஐம்பது வயதில் நோட்டுப் புத்தகத்துடன் உட்காரவேண்டிய சிரமம் அவர்களுக்கு மிஞ்சும்.