மூன்று செடியும் பத்தாண்டுச் சிறையும்!

சாரல் காலம். குற்றாலத்தில் பொதுக்கூட்டம் முடிந்து தென்காசி பேருந்து நிலையத்தருகே தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். மூட்டை தூக்கும் தோழர் ஒருவர் தம் மகனுடன் வந்தார். "ஏல, அண்ணாச்சிகிட்டே நீயே கேளு!" என்று அவனை முன்னால் தள்ளினார்.

பையனுக்கு வயது பத்தொன்பது. தொழிற்பயிற்சி முடித்தவன், தொழில்தான் கிடைக்கவில்லை. அவன் கேட்டான்: "அண்ணாச்சி, கனடாவிலே வீட்டுக்கு வீடு கஞ்சாச் செடி வளர்க்கலாமாம். ரசாயன உரம் போடாமல் இயற்கை முறையிலே வளர்க்க இங்கிலீஷிலே புத்தகம் புத்தகமாய் இருக்கு. தமிழிலே எங்கே படிக்கலாம்?"

தகப்பனார் முகம் வெளுத்தது. கடைக்காரர் கண்ணாடிக் குவளையைக் கழுவுவதை நிறுத்தினார். நான் சீறவில்லை. கேள்வி கேட்பவனை அறைந்து அனுப்புவது பழைமைவாதிகளின் பழக்கம். பதில் சொல்லி அனுப்புவதே பகுத்தறிவாளனின் கடமை. அன்று அவனுக்குச் சொன்னதை இன்று உங்களுக்கும் சொல்கிறேன், தோழர்களே.

முதலில் சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், இருபதாம் பிரிவு. உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்த்தால் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழுவுரம் போட்டு வளர்த்தேன், பூச்சிமருந்து தெளிக்கவில்லை என்று நீதிமன்றத்தில் வாதாட முடியுமா? இயற்கை உரம் சிறைக் கம்பியை வளைக்காது! இருபது கிலோவுக்கு மேல் கஞ்சாவுடன் பிடிபட்டால் வணிக அளவு. பத்தாண்டு முதல் இருபதாண்டு வரை சிறை. நிலம் வைத்திருப்பவன் தன் நிலத்தில் அந்தச் செடி இருப்பதை அறிந்தும் அறிவிக்காவிட்டால் அவனும் குற்றவாளி.

உலகம் என்ன செய்கிறது? உருகுவே 2013இல் சட்டம் இயற்றியது. கனடா 2018 அக்டோபரில் கதவைத் திறந்தது. அங்கே வீட்டுக்கு நான்கு செடி என்பது பொது விதி. ஜெர்மனி 2024 ஏப்ரல் முதல் நாளிலிருந்து வயது வந்தவருக்கு மூன்று செடி என்றது. பெர்லினில் மூன்று செடி பொழுதுபோக்கு; பாவூர்சத்திரத்தில் அதே மூன்று செடி பத்தாண்டுச் சிறை! அவர்கள் புத்தகம் அவர்கள் சட்டத்துக்காக எழுதப்பட்டது. அதை இங்கே பிரித்துப் படித்துப் பின்பற்றுபவன், அடுத்த வீட்டுக்காரன் செருப்பில் காலை நுழைத்து ஓடப் பார்க்கிறான். விழுவான், எழுவது கடினம்.

தாய்லாந்தின் கதையைக் கேளுங்கள். 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கி, பத்து லட்சம் செடிகளை மக்களுக்கு இலவசமாகத் தருவதாக அறிவித்தது அந்நாட்டு அரசு. மூன்றே ஆண்டு! 2025இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று ஆணை வந்தது. ஆணை போட்டவருக்கு மைதான் செலவு. கடன் வாங்கி விதைத்தவனுக்கு?

நம் நாட்டில் இந்தச் செடியைப் பற்றி ஆராயாமல் இருந்தார்களா? 1893இல் வெள்ளையர் ஆட்சி ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். முழுத் தடை வேண்டாம், கட்டுப்பாடும் வரியும் போதும் என்றார்கள். குழுவில் எழுவர், அவர்களில் இந்தியர் மூவர், மூவரில் தென்னாட்டவர் எவருமில்லை! நம்மைப் பற்றி நம்மைக் கேளாமல் முடிவெடுக்கும் வழக்கம் அன்றே இருந்தது.

இன்றைய சட்டத்திலும் ஒரு சிறு கதவு உண்டு. நாருக்கும் விதைக்குமாக வளர்க்க அரசு அனுமதி தரலாம். உத்தரகண்ட் 2018இல் அந்தக் கதவைத் திறந்தது. போதைச் சத்து 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. இமாசலப் பிரதேசம் 2025 ஜனவரியில் பல்கலைக்கழகங்கள் வழியே சோதனைச் சாகுபடிக்கு இசைந்தது. அந்த விதையையும் எண்ணெயையும் உணவாக விற்க 2021இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழி வகுத்துவிட்டது. தமிழ்நாட்டில் அந்தக் கதவு திறக்கப்படவில்லை.

ஆகவே அதே செடி, ஆளுக்கொரு முகம் காட்டுகிறது. உரிமம் வாங்க வசதி உள்ளவனுக்கு அது புட்டியில் அடைத்த எண்ணெய். பை சுமக்கும் ஏழைப் பையனுக்கு அது கைவிலங்கு. 2021 டிசம்பரில் தமிழகக் காவல்துறை 'கஞ்சா வேட்டை' தொடங்கியது. வேட்டை வேண்டியதுதான், பள்ளி வாசலில் விற்பவனை நாம் மன்னிக்க மாட்டோம். ஆனால் வலையில் விழுவது பெரும்பாலும் சுமப்பவன். பணம் போட்டவன் படகில் ஏறிவிடுகிறான். நாளை சட்டம் மாறினாலும் மாறட்டும். மாறும் நாளில் அது முதலாளியின் ஏகபோகம் ஆகக்கூடாது. ஆய்வு அரசுப் பல்கலைக்கழகத்தின் கையில், கணக்கு மக்கள் பார்வையில் இருக்க வேண்டும். அதுவரை ஒரு விதைகூட ஊன்றாதே, தம்பி!

இனி அவன் கேள்வியின் மறுபாதி: இயற்கை முறைச் சாகுபடியைத் தமிழில் எங்கே கற்பது?

இதற்குக் கனடா போக வேண்டுமா? ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேயர் 1905இல் நமக்குப் பாடம் சொல்ல வந்தார். வந்தவர், இந்நாட்டு உழவனையே தம் ஆசிரியனாக ஏற்றுக் குப்பை மட்கும் கலையை ஆராய்ந்தார். 1940இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். உலகம் அவரை இயற்கை வேளாண்மையின் தந்தை என்கிறது. உழவன் பெயரை எவர் எழுதினார்?

தொலைவில் தேடுவானேன்? கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்புச் செடியை இந்தியாவில் கொணர்ந்து நட்டது, 1800ஐ ஒட்டி, இதே குற்றாலத்து வாசனைப் பயிர்த் தோட்டத்தில்! இராபர்ட் வைட் என்ற தாவரவியலார் 1830களில் இந்த மலையில் செடி சேகரித்தார். அவருக்காகச் செடிகளை வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். மலை நம்முடையது, தூரிகை பிடித்த கை நம்மவர் கை. நூல் மட்டும் ஆங்கிலத்தில்!

இன்று நிலை மாறியிருக்கிறது. கோவையில் 1971 முதல் வேளாண் பல்கலைக்கழகம். தென்காசிக்கு அருகே ஊர்மேலழகியானில் வேளாண் அறிவியல் நிலையம். உழவர்க்குப் பயிற்சி தருவதே அதன் வேலை. 2013இல் மறைந்த நம்மாழ்வார் கரூர் மாவட்டத்தில் நிறுவிய வானகம். 2023இல் அரசு வெளியிட்ட அங்கக வேளாண்மைக் கொள்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, புளியங்குடி எலுமிச்சைத் தோட்டங்களில் ரசாயனத்தை விட்டொழித்த உழவர்கள். அவர்கள் தோட்டம்தான் திறந்து கிடக்கும் புத்தகம்.

முதல் பாடம் இதுதான்: சணப்பையை விதை. அது நாரும் தரும், உரமும் ஆகும். எந்தச் சட்டமும் உன்னைத் தொடாது. ஏறக்குறைய நாற்பத்தைந்தாம் நாள் பூக்கும் தறுவாயில் மடக்கி உழு. மண்ணுக்குத் தழைச்சத்து சேரும். பத்து லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு மில்லி பஞ்சகவ்யம் கலந்து தெளி. கத்தரியில் கற்ற கலை, எந்தச் செடிக்கும் உதவும்.

பையன் எல்லாவற்றையும் கேட்டான். பிறகு மெல்லச் சொன்னான்: "மடக்கி உழ நிலம் வேணுமே, அண்ணாச்சி!"

தோழர்களே, அந்த ஒரு வரிக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. நான் பள்ளிப் படிப்போடு நின்றவன். ஆனாலும் எந்தக் கல்லூரியில் படித்தவரும் அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கூலியை இழந்து மூன்று நாள் பயிற்சிக்கு எந்தத் தொழிலாளி போவான்? காணி நிலம் இல்லாதவனுக்குக் கொள்கை ஏட்டால் என்ன பயன்? அவனைக் கஞ்சாச் செடியின் பக்கம் இழுப்பது போதை அல்ல. ஒரு முழ இடத்தில் ஒரு மாதச் சம்பளம் என்ற ஆசை. அந்த ஆசைக்கு எதிரே அறிவுரையை மட்டும் நிறுத்தினால் ஆசைதான் வெல்லும்.

எனவே கேட்போம்! வேலை முடிந்து வருபவனுக்கு மாலை நேரப் பயிற்சி வேண்டும். ஒன்றியந்தோறும் நூலகத்தில் தமிழில் வேளாண் நூல் வேண்டும். ஐந்து பத்து இளைஞர் சேர்ந்து கேட்டால் தரிசு நிலம் குத்தகைக்குக் கிடைக்க வழி வேண்டும். நம் படிப்பகங்களில் ஒரு மூலையை இன்றே இதற்கு ஒதுக்குவோம். அதற்கு எவர் உத்தரவும் தேவையில்லை.

அந்தப் பையன் முகவரியை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த சாரலுக்குள் அவனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நான் மட்டுமல்ல, நாம்!