வாற்பேத்தை சொல்லும் சேதி



படுவான்கரைக் கிராமமொன்றில் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கடன் கணக்கும் விதைநெல் கணக்கும் பேசி முடிந்தபின் வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "முந்தி மாரி துவங்கினா தவளைச் சத்தத்துல நித்திரை கொள்ளேலாது மகள். இப்ப அந்தச் சத்தமும் குறைஞ்சு போச்சு." சிலர் சிரித்தார்கள். எனக்கு அது சிரிக்கும் விடயமாகப் படவில்லை.

தவளைகள் குறைவதற்குக் காரணம் ஒன்றல்ல. குட்டைகள் நிரப்பப்படுவதும் மழை தவறுவதும் காரணங்களே. ஆனால் நம் கையிலுள்ள காரணம் ஒன்றும் உண்டு. அதுதான் புல்லுக்கு அடிக்கும் எண்ணெய், அதாவது களைநாசினி.

மாதங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்போகத்தில் மாரி மழையை நம்பி விதைக்கிறோம். அதே மழைக்குத்தான் தவளைகளும் முட்டையிடுகின்றன. விதைத்துச் சில கிழமைகளில் நாம் எண்ணெய் அடிக்கும்போது, வயல்நீரிலும் வாய்க்காலிலும் வாற்பேத்தைகள் நீந்திக்கொண்டிருக்கின்றன. தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. கூழ் போன்ற உறைதான். வாற்பேத்தை சுவாசிப்பது மீனின் செவுள் போன்ற உறுப்பாலும் மெல்லிய தோலாலும். நீரில் கலந்தது எதுவும் அதன் உடலுக்குள் இலகுவில் போய்விடும்.

"புல்லைக் கொல்லும் மருந்து தவளையை என்ன செய்யும்?" என்று கேட்கலாம். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர் றிக் றெலியா, கிளைபோசேற் கலந்த 'றவுண்டப்' என்ற களைநாசினியைச் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார். செயற்கைக் குட்டைகளில் இருந்த வாற்பேத்தைகளில் 96 முதல் 100 வீதமானவை மூன்று கிழமைகளில் இறந்துபோயின. மருந்து இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் சவர்க்காரம் போன்ற பொருளே இதில் பெரும் கேடு செய்கிறது.

நம் நாட்டிலும் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இலங்கைக்கே உரிய ஒருவகை மரத்தவளையின் வாற்பேத்தைகளை ஆராய்ந்து 2010இல் எழுதியிருக்கிறார்கள். அக்காலத்தில் பாவனையிலிருந்த இரண்டு களைநாசினிகளும் இரண்டு பூச்சிநாசினிகளும் சோதிக்கப்பட்டன. அளவு மிகச் சிறிது: லீற்றருக்கு ஒரு மில்லிகிராமும் அதற்குக் குறைவும். இறக்காமல் தப்பியவற்றிலும் பல முள்ளந்தண்டு வளைந்தும் உடல் வீங்கியும் இருந்தன. தவளையாக மாற அதிக நாள் எடுத்தன. சிறுத்தும் போயின.

நாள் கூடினால் என்ன? வயற்குட்டை வற்றுமுன் கால் முளைக்காத வாற்பேத்தை தரையிலே காய்ந்து சாகும். தவளை இல்லையென்றால் வயற்பூச்சியைத் தின்பது யார்? பூச்சிக்கு இன்னொரு மருந்து, அந்த மருந்துக்கு இன்னொரு கடன்.

வாற்பேத்தைக்கு நடப்பதுதான் நம் பிள்ளைக்கும் நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தண்ணீர் ஒன்றுதான். யுத்தத்துக்குப் பின் குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நம்மில் எத்தனைபேர்! மருந்தடிக்கக் கூலிக்கு ஆள் பிடித்தாலும், தாங்கிக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பது நாம். மருந்து தோய்ந்த உடுப்பைத் தோய்ப்பதும் நாம். பிள்ளை குளிப்பது அதே வாய்க்காலில். அந்த வடிச்சல் நீர் சேருவது 56 கிலோமீற்றர் நீளமான நமது வாவியில்.

கிளைபோசேற்றை அரசு 2015இல் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. 2022இல் தடையை நீக்கியது. சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். நாம் செய்யக்கூடியவை இவை:

புல்லுப் பிடுங்க ஆள் வைக்க எல்லோரிடமும் காசில்லை என்பது தெரியும். அடிக்கத்தான் வேண்டுமென்றால், போத்தலில் எழுதிய அளவுக்கு மேல் கலக்காதீர்கள். மழை இருட்டிவரும் நேரம் அடிக்க விடாதீர்கள். அடித்தபின் உடனே வக்கடையைத் திறக்காதீர்கள். எத்தனை நாள் நீரை மறித்து வைப்பதென்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். தாங்கியை வாய்க்காலிலோ குளத்திலோ கழுவ வேண்டாம். குட்டை ஓரத்தில் சில அடி அடிக்காமல் விடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருந்தைத் தொடவே கூடாது.

அடுத்த மாரியில் வரம்பால் போகும்போது நீரைச் சற்றுக் குனிந்து பாருங்கள். வாற்பேத்தைகள் ஓடித் திரிகின்றனவா என்று பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்டதை அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுவோம்.