கொஞ்சம் மெதுவாகப் போங்கள்!

தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளுடன் காரில் கன்யாகுமரிக்குப் புறப்படப் போகிறீர்களா, சகோதரி? ஒரு யோசனை சொல்கிறேன். மதுரையைத் தாண்டியதும் ஒரே மூச்சாக ஓடாதீர்கள். வழியில் கோவில்பட்டியில் இரண்டு இரவு தங்குங்கள்.

முதல் நாள், வெயில் ஏறுமுன் கழுகுமலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி, முடிக்காமலே விட்டுப்போன 8-ஆம் நூற்றாண்டு வெட்டுவான் கோயிலைப் பாருங்கள். சாயங்காலம் எட்டயபுரம், 1882-ல் பாரதியார் பிறந்த வீடு. அவ்வளவுதான்! ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும். கரிசல் காட்டில் எங்கே வண்டியை நிறுத்துவது, கடலைமிட்டாய் எந்தக் கடையில் வாங்குவது என்பதையெல்லாம் பிள்ளைகளே சொல்லட்டும்.

மறுநாள் கயத்தாறு. நெடுஞ்சாலையில் எல்லாரும் நிற்காமல் பறந்துவிடும் ஊர். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது.

சென்ற விடுமுறையில் அக்கா குடும்பத்தோடு நானும் அங்கே போயிருந்தேன். அக்கா மகனுக்கு வயது 17. பரீட்சை மார்க்கு விஷயமாக அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரு மாதமாகப் பேச்சில்லை. கட்டபொம்மன் சிலையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "சித்தி, அப்போ இவருக்கு என்ன வயசு?" என்றான்.

"39."

"அப்பாவைவிடச் சின்னவரா?"

"ஏழு வருஷம் சின்னவர்டா!" என்று பதில் சொன்னது அத்தான்.

தொடங்கிய பேச்சு திருநெல்வேலி வரையில் ஓயவில்லை. அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிற்காமல் போயிருந்தால் ஒரு மணி நேரம் மிச்சமாகியிருக்கும். ஆனால் வருகிற ஜூனில் பையன் ஹாஸ்டலுக்குப் போகிறான். இன்னொரு பிரயாணம் எப்போது வாய்க்குமோ!