சீமைச்சாமந்தியும் பாபூனாவும்

உத்தர குருவாயூரப்பன் கோயிலில் மாலைத் தீபாராதனை பார்த்துவிட்டு வெளியே வரும் மயூர் விஹார்த் தமிழர்கள், பேரன் பேத்திகளின் க்ஷேமலாபங்களை விசாரித்து முடித்ததும் நித்திரை வராத சங்கடத்துக்குத் தாவுவதும், அந்தச் சம்பாஷணை தவறாமல் 'கெமோமில் டீ'யில் வந்து முடிவதும் சில வருஷங்களாக வழக்கமாகிவிட்டது. இதில் ஆக்ஷேபிக்க ஒன்றுமில்லை, நானும் குடிக்கிறவன்தான். ஆனால் அட்டைப்பெட்டியின்மேல் ஐரோப்பியப் புல்வெளியின் சித்திரம் இருக்கிறது என்ற ஒரே காரணத்தால், டில்லி வைத்தியர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கமான ஒரு பூவை அபூர்வ வஸ்துவென்று எண்ணி, பொட்டலம் பொட்டலமாக அதிக விலை கொடுத்து வாங்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மொகலாயர் காலத்தில் இந்நாட்டுக்கு வந்ததாகச் சொல்லப்படும் இப்பூவுக்கு யூனானி ஹக்கீம்கள் வைத்த பெயர் பாபூனா. மூட்டுப் பிடிப்புக்கு அவர்கள் தேய்க்கச் சொல்லும் ரோகன் பாபூனா இதன் தைலமே. பல்லிமாரானில் வாழ்ந்த ஹக்கீம் அஜ்மல் கான் யூனானியையும் ஆயுர்வேதத்தையும் ஒரே கூரையின்கீழ் போதிக்க எண்ணி நிர்மாணித்த, 1921-இல் காந்தியடிகள் திறந்துவைத்த திப்பியா கல்லூரி, இன்றும் கரோல்பாக்கில் இருக்கிறது. நம் பாஷையிலும் இதற்குச் சீமைச்சாமந்தி என்ற அழகான பெயர் உண்டு. லக்னோப் பக்கத்து உவர் நிலத்தில், வேறு பயிர் தலையெடுக்கத் தயங்கும் மண்ணில், 1960-களிலேயே இதைப் பயிரிட்டுப் பார்த்து வெற்றி கண்டிருக்கிறார்கள். (தேயிலை என்பது இன்ன செடிதான் என்று 1953-ஆம் வருஷத்துத் தேயிலைச் சட்டம் வரையறுத்திருப்பதால், இதை 'டீ' என்று அழைப்பதே ஒரு உபசார வழக்குத்தான்.)

இப்பூவை வாங்க, மெட்ரோவில் ராஜீவ் சௌக் போய், வண்டி மாறிச் சாந்தினி சௌக்கில் இறங்கி, பத்தேபுரி மசூதியைத் தாண்டினால் காரீ பாவ்லிச் சந்தை. மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே நாட்டு மருந்துக் கடையில் 'குலே பாபூனா' என்று கேட்டால், கோணியிலிருந்து உலர்ந்த பூவை அள்ளித் தராசில் போடுவார்கள். வாங்குமுன் ஒரு பூவை எடுத்து, நடுவிலுள்ள மஞ்சள் குமிழை நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள்: உள்ளே பொள்ளலாக இருந்தால் அசல், கெட்டியாக இருந்தால் வேறேதோ சாமந்தி. வீட்டில் ஒரு தம்ளர் கொதிநீரில் இரண்டு சிட்டிகை பூவை இட்டு, உடனே தட்டால் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் குணமெல்லாம் ஆவியோடு போய்விடும். ஐந்தாறு நிமிஷம் கழித்துத் தட்டைத் தூக்கும்போது ஆப்பிள் பழமும் காய்ந்த வைக்கோலும் கலந்தாற்போல் ஒரு வாசனை எழும்பும். நீர் வெளிறிய பொன்னிறமாக இருக்கும்.

இதனால் நித்திரை வருமா என்றால், என் அபிப்பிராயம் சற்று ஏமாற்றமளிக்கக்கூடியது. நாட்பட்ட தூக்கமின்மையால் அவதிப்பட்ட 34 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஒரு சிறு பரிசோதனையில், 28 நாள் இதன் சத்தை உட்கொண்டவர்களுக்கும் போலி மாத்திரை விழுங்கியவர்களுக்கும் தூக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தென்படவில்லை. என் விஷயத்தில் பலன் கண்டது மெய். ஆனால் இரவு எட்டு மணிக்கு நான் விடாமல் குடித்துவந்த டிகிரி காப்பியின் ஸ்தானத்தில் இது வந்து உட்கார்ந்ததால் விளைந்த பலனே அதில் பாதிக்கு மேல் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். உண்ட பின் வயிறு உப்பிசமாக இருக்கும்போது இதமளிக்கிறது. அந்த மட்டில் நம் ஓமத் தண்ணீருக்கு இது தம்பி முறை.

பூவிலிருந்து வருவது எல்லாம் சாது என்று நினைத்துவிடக் கூடாது. வார்பரின் என்னும், இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தைச் சாப்பிட்டுவந்த கனடா மூதாட்டி ஒருவர், இந்தப் பானத்தையும் இப்பூ கலந்த பூச்சையும் தாராளமாக உபயோகித்ததில் உள்ளே இரத்தக் கசிவு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை 2006-இல் வைத்தியப் பத்திரிகை ஒன்று பதிவு செய்திருக்கிறது. செவ்வந்திப் பூவைத் தொட்டாலே தும்மலும் தடிப்பும் காணும் தேகவாகுடையவர்களும் இதை விட்டு விலகியிருப்பதே நலம். இதய சிகிச்சை செய்துகொண்டு மாத்திரை டப்பாவும் கையுமாக இருக்கும் என் வயதுக்காரர்கள், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு பிறகு தம்ளரை எடுக்கட்டும்.

மற்றவர்கள் தாராளமாகப் போய் வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை காரீ பாவ்லிக்கு விடுமுறை.